எந்த சென்சஸ், எந்தப் பிறந்த ஊர்: அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் கூட்டல் கழித்தல்

வருஷத்துக்கு எத்தனை இத்தாலியர்களைக் குடியேற விடலாம் என்று 1921-இல் அமெரிக்கா வைத்த வரம்பு 42,057. 1924-இல் அதே வரம்பு 3,845. இடைப்பட்ட மூன்று வருஷத்தில் இத்தாலியோடு சண்டையோ மனத்தாங்கலோ எதுவும் வரவில்லை. இத்தாலியர்களுக்கென்று தனியாக ஒரு வரிகூடப் புதுச் சட்டத்தில் இல்லை. இரண்டே எண்கள்தான் மாறின. 3 சதவீதம் 2 சதவீதம் ஆனது. 1910 சென்சஸ் இருந்த இடத்தில் 1890 சென்சஸ் வந்து உட்கார்ந்தது.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் வசித்தவர்கள் 1910 சென்சஸில் 13,43,125 பேர். அதில் 3 சதவீதம் 40,294. முதல் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பிய எல்லைகள் மாறியதால் அந்த மாற்றத்தைச் சரிக்கட்டியபின் வந்தது 42,057. 1890 சென்சஸில் அவர்கள் வெறும் 1,82,580 பேர். 2 சதவீதம் போட்டால் 3,652. எல்லைத் திருத்தத்தோடு 3,845. 1901 முதல் 1910 வரை மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர்கள் அமெரிக்காவில் வந்து இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் வருவதற்கு முந்தைய கணக்கேட்டை எடுத்து வைத்தால் அவர்கள் எப்படி அதில் இருப்பார்கள்? வித்தை அவ்வளவுதான்.

பிறந்த நாட்டை வைத்து ஆளைத் தடுக்கும் சட்டங்களைப் படிக்கும்போது நாட்டின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தால் பாதிதான் கண்ணில் படும். எந்த வருஷத்துக் கணக்கு, கணக்கிலிருந்து யாரைக் கழித்தார்கள், பார்ப்பது பிறந்த ஊரையா, குடியுரிமையையா, வம்சத்தையா? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தால்தான் சட்டம் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று புரியும். இன்றைய கிரீன் கார்டு (அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை) வரிசையைப் புரிந்துகொள்ளவும் இதே மூன்று கேள்விகள்தான்.

பெயரைச் சொல்லியே தடுத்த காலம்

ஆரம்பத்தில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. 1875-இல் வந்த பேஜ் சட்டம் சீனா, ஜப்பான் முதலிய கிழக்கு நாடுகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளையும் பாலியல் தொழிலுக்காகக் கொண்டுவரப்படும் பெண்களையும் தடுத்தது. நடைமுறையில் ஏறக்குறைய எல்லா சீனப் பெண்களையும் அது தடுத்தது. 1882 மே 6 அன்று ஜனாதிபதி செஸ்டர் ஆர்தர் கையெழுத்திட்ட சீன விலக்குச் சட்டம், சீனத் தொழிலாளர்கள் நுழைவதைப் பத்து வருஷத்துக்கு நிறுத்தியது. முதலில் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) அனுப்பியது இருபது வருஷத் தடை. அதை ஆர்தர் திருப்பி அனுப்பினார், பத்து என்று குறைத்ததும் ஒப்புக்கொண்டார். 1892-இல் கியரி சட்டம் இன்னொரு பத்து வருஷம் நீட்டியது. 1902-இல் மறுபடி நீட்டிப்பு, 1904-இல் கால வரம்பே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது 1888-இல் நடந்தது. 1882 சட்டப்படி, ஏற்கெனவே அமெரிக்காவில் இருந்த சீனத் தொழிலாளி ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டுமானால் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகலாம். சே சான் பிங் என்பவர் 1875 முதல் சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்தவர். 1887 ஜூனில் முறைப்படி சான்றிதழ் வாங்கிக்கொண்டு சீனா போனார். 1888 செப்டம்பரில் ஹாங்காங்கில் கப்பலேறினார். அவர் நடுக்கடலில் இருந்தபோது, அக்டோபர் 1 அன்று, ஸ்காட் சட்டம் அமலுக்கு வந்தது. வெளியே கொடுத்திருந்த சான்றிதழ்கள் எல்லாமே செல்லாது. கப்பல் அக்டோபர் 8 அன்று துறைமுகத்தில் நின்றது, அவரை இறங்க விடவில்லை. அவரைப் போல ஏறத்தாழ 20,000 பேர் கையில் சான்றிதழோடு வெளியே மாட்டிக்கொண்டார்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1889-இல் ஒருமித்த தீர்ப்பு: அந்நியரை உள்ளே விடுவதா வேண்டாமா என்பது இறையாண்மையின் பகுதி, அதில் காங்கிரஸ் எடுத்த முடிவை நீதிமன்றம் தோண்டாது. சீன விலக்குச் சட்டம் போய் எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்தத் தீர்ப்பின் கொள்கை போகவில்லை. இன்றும் ஒரு குடியேற்ற வழக்கில் அரசு வக்கீல் எழுந்து நின்றால், அவர் வாதத்தின் அடியில் சே சான் பிங் வழக்கு இருக்கும்.

கியரி சட்டத்தின் ஒரு விதியையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் ஒவ்வொரு சீனத் தொழிலாளியும் வசிப்புச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். இல்லாமல் பிடிபட்டால், தான் முன்பே அங்கு வசித்தவன் என்பதைக் குறைந்தது ஒரு நம்பகமான வெள்ளைக்காரச் சாட்சியை வைத்து நிரூபிக்க வேண்டும். சீன நண்பர்கள் நூறு பேர் வந்து சொன்னாலும் எடுபடாது.

சட்டம் இறுகினால் வழியும் பிறக்கும். 1906 பூகம்பத்திலும் தீயிலும் சான் ஃபிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோயின. அமெரிக்காவில் பிறந்தவர் அமெரிக்கக் குடிமகன், அவர் சீனராக இருந்தாலும் சரி என்று 1898-இல் வோங் கிம் ஆர்க் வழக்கில் தீர்ப்பாகியிருந்தது. ஆக, "நான் இங்கே பிறந்தவன், பதிவு எரிந்துவிட்டது" என்று ஒருவர் சொன்னால் மறுப்பது கடினம். குடிமகன் என்று ஏற்றுக்கொண்டபின், ஊரில் இத்தனை மகன்கள் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொடுத்து, அந்த இடங்களை விற்கவும் செய்தார்கள். காகிதத்தில் மட்டும் மகன்கள். இதை முறியடிக்க ஏஞ்சல் தீவில் (1910 முதல் 1940 வரை அங்குதான் விசாரணை நிலையம்) அதிகாரிகள் கேட்ட கேள்விகள்: உங்கள் வீட்டு வாசலில் எத்தனை படி? அரிசிப் பானை எந்தப் பக்கம்? தெருவில் மூன்றாவது வீட்டில் யார் குடியிருக்கிறார்கள்? தகப்பனிடம் தனியாக, மகனிடம் தனியாக. பதில் பிசகினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதற்கென்று மனப்பாடக் குறிப்பேடுகள் எழுதப்பட்டு, கப்பலில் படித்துவிட்டுக் கரை தெரிவதற்குள் கடலில் வீசப்பட்டன. கொடுமை என்னவென்றால், நிஜ மகனுக்கும் படிக்கட்டு எண்ணிக்கை மறந்துபோகும்.

அட்சரேகையும் தீர்க்கரேகையும்

1917 சட்டம் பெயர் சொல்வதைக் குறைத்துக்கொண்டு வரைபடத்தை எடுத்தது. ஆசியாவில் கிழக்குத் தீர்க்கரேகை 50-க்குக் கிழக்கே, 110-க்கு மேற்கே, வட அட்சரேகை 50-க்குத் தெற்கே இருக்கும் நிலப்பகுதியில் பிறந்தவர்கள் வரக்கூடாது. அதிலிருந்து 50 முதல் 64 தீர்க்கரேகை, 24 முதல் 38 அட்சரேகைக்குள் வரும் ஒரு கட்டத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார்கள். அதில் பெரும்பகுதி பாரசீகம். சென்னை 13 பாகை வடக்கு, 80 பாகை கிழக்கு. தடைக்கட்டத்தின் உள்ளே பத்திரமாக இருக்கிறது. இந்தியா என்ற சொல்லே தேவைப்படவில்லை.

சீனாவின் கிழக்குப் பகுதியும் ஜப்பானும் ஏன் கட்டத்துக்கு வெளியே என்று கேட்கலாம். சீனர்களுக்கு 1882 சட்டம் ஏற்கெனவே இருந்தது. ஜப்பானோடு 1907-08-இல் கடிதங்கள் மூலம் ஓர் உடன்பாடு. தொழிலாளர்களுக்கு ஜப்பானே பாஸ்போர்ட் தராது. ராணுவ பலம் உள்ள நாட்டுக்குக் கடிதம், இல்லாத நாட்டுக்குத் தீர்க்கரேகை. பிலிப்பைன்ஸ் அப்போது அமெரிக்காவின் உடைமை என்பதால் அதையும் தொடவில்லை. வக்கீல், டாக்டர், சிவில் இன்ஜினியர், ஆசிரியர், மாணவர், வியாபாரி போன்றோருக்கு விலக்கு உண்டு. அதே சட்டத்தில்தான் 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எழுத்தறிவுச் சோதனையும் வந்தது: ஏதாவது ஒரு மொழியில் 30 முதல் 40 சொற்களைப் படித்துக் காட்ட வேண்டும். ஜனாதிபதி வில்சன் இந்தச் சட்டத்தை மறுத்தார்; காங்கிரஸ் அவரை மீறி நிறைவேற்றியது.

பெயர் சொல்லாமல் தடுக்கும் கலையில் அமெரிக்கா முன்னோடி இல்லை. 1860 முதல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் போய் இறங்கிய நேட்டால் காலனி 1897-இலேயே செய்துகாட்டியது: உள்ளே வருபவர் ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் விண்ணப்பம் எழுத வேண்டும். இந்தியர் என்ற சொல் சட்டத்தில் இல்லை, தடுக்கப்பட்டவர்கள் இந்தியர்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே, அதனால் ஒப்பந்தக் கூலிகளுக்கு மட்டும் விலக்கு. பிரிட்டிஷ் அரசின் காலனி அமைச்சர் ஜோசப் சேம்பர்லின் இதை மற்ற காலனிகளுக்கும் பரிந்துரைத்தார். 1901-இல் ஆஸ்திரேலியா 50 சொல் எழுத்துச் சோதனையாக அதை எடுத்துக்கொண்டது. எந்த ஐரோப்பிய மொழி என்பதைத் தேர்ந்தெடுப்பவர் அதிகாரி. கனடா 1908-இல் வேறு மாதிரி: பிறந்த நாட்டிலிருந்து இடையில் நிற்காமல் நேரே வந்திருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து கனடாவுக்கு அப்படி நேர்க் கப்பலே கிடையாது. 1914-இல் 376 பேரோடு வான்கூவர் போன கோமகாட்டா மாரு இரண்டு மாதம் நின்றுவிட்டுத் திரும்பியது இந்த விதியாலும், ஆளுக்கு 200 டாலர் கையில் காட்ட வேண்டும் என்ற விதியாலும்தான்.

நள்ளிரவுக் கப்பல்கள்

மறுபடி 1921. அந்தக் கோட்டாச் சட்டத்துக்கு ஒரு நடைமுறை ஓட்டை இருந்தது. ஆட்களை எண்ணியது புறப்படும் இடத்தில் அல்ல, வந்து சேரும் துறைமுகத்தில். ஒரு நாட்டின் வருஷக் கோட்டாவில் ஒரே மாதத்தில் 20 சதவீதத்துக்கு மேல் விடக்கூடாது என்று வேறு விதி. கிரீஸுக்கு ஒரு மாதப் பங்கு அறுநூற்றுச் சொச்சம் பேர்; ஒன்றிரண்டு கப்பல் வந்தாலே தீர்ந்துவிடும். மாதத்துக்கு 20 சதவீதம் என்றால் ஜூலையில் தொடங்கும் நிதியாண்டின் கோட்டா ஐந்தே மாதத்தில் காலி.

விளைவு, மாதக் கடைசி இரவுகளில் நியூயார்க் துறைமுக வாயிலுக்கு வெளியே கப்பல்கள் வரிசையாக நிற்கும். மணி பன்னிரண்டு அடித்ததும் ஸ்டேட்டன் தீவுக்கும் புரூக்ளினுக்கும் நடுவில் இருக்கும் குறுகலான நீர்வழியை நோக்கி ஓட்டம். எந்தக் கப்பல் எல்லைக்கோட்டை முதலில் தாண்டுகிறதோ அதன் பயணிகளுக்கு இடம். சில நிமிடம் முன்னதாகத் தாண்டிவிட்ட கப்பலுக்கு இன்னும் கெட்ட நேரம்: பயணிகள் போன மாதக் கணக்கில் விழுவார்கள், அது ஏற்கெனவே நிரம்பியிருக்கும், அத்தனை பேரையும் திருப்பி அனுப்ப உத்தரவு வரும். ஊரில் நிலத்தை விற்றுவிட்டு வந்தவர்கள்.

1924 சட்டம் எண்ணும் இடத்தைத் தூதரகத்துக்கு மாற்றியது. விண்ணப்பத்துக்கு 1 டாலர், விசாவுக்கு 9 டாலர். புகைப்படம், பிறப்புச் சான்று, போலீஸ், சிறை, ராணுவப் பதிவுகளின் நகல்கள். விசா நான்கு மாதம் செல்லும். மாதத்துக்கு 10 சதவீதம்தான், 300-க்குக் குறைந்த கோட்டாக்களுக்கு மட்டும் இந்த வரம்பு கிடையாது. இன்று சென்னை அண்ணா மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குக் கோப்பைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் பின்பற்றும் வழக்கத்தின் அடிப்படை இங்கே போடப்பட்டது. துறைமுகக் குழப்பம் நின்றது. கூடவே, மறுப்பு என்பது யார் கண்ணிலும் படாமல் வேறொரு நாட்டின் ஓர் அறைக்குள் நடக்கிற காரியமாகவும் ஆகிவிட்டது.

கழித்துவிட்டுக் கணக்கிடு

1890 சென்சஸ் என்பது தற்காலிக ஏற்பாடு. நிரந்தர ஏற்பாடாக அதே 1924 சட்டத்தில் இருந்தது இன்னும் விசித்திரமான சூத்திரம். மொத்தக் கோட்டா 1,50,000. 1920-இல் அமெரிக்காவில் வசித்த மக்களில் எத்தனை சதவீதத்தினரின் பூர்வீகம் இன்ன நாடு என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த நாட்டுக்கு 1,50,000-இல் அதே சதவீதம். குறைந்தபட்சம் 100. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் "மக்கள்" என்பதற்கு 11-ஆம் பிரிவு தரும் விளக்கத்தில் நான்கு கழித்தல் இருக்கிறது: மேற்கு அரைக்கோளத்திலிருந்து வந்தவர்களும் அவர்கள் சந்ததியும், குடியுரிமை பெறத் தகுதியில்லாத அந்நியர்களும் அவர்கள் சந்ததியும் (ஆசியர்கள்), அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததி, அமெரிக்கப் பழங்குடிகளின் சந்ததி. இவர்களை நீக்கிவிட்டால் மீதி யார்? வெள்ளையர் என்ற சொல்லை எழுதாமலே வேலை முடிந்தது.

இந்தக் கணக்கைப் போடும் பொறுப்பு மூன்று அமைச்சகங்கள் சேர்ந்த ஒரு குழுவுக்கு; தலைமை சென்சஸ் துறையின் ஜோசப் ஹில். அவர்கள் பாடு பெரும்பாடு. ஒருவருக்கு எட்டுக் கொள்ளுத்தாத்தா பாட்டிகள் எட்டு நாட்டிலிருந்து வந்திருந்தால் எந்த நாட்டில் சேர்ப்பது? ஆளை எண்ணவில்லை, ரத்தத்தின் பங்கை எண்ணுகிறோம் என்று சமாளித்தார்கள். 1790-இல் எடுத்த முதல் சென்சஸில் குடும்பத் தலைவர்களின் பெயர் மட்டும்தான் உண்டு, சில மாநிலங்களின் ஏடுகள் கிடைக்கவே இல்லை. 1909-இல் சென்சஸ் துறை வெளியிட்ட ஓர் ஆய்வு குடும்பப் பெயர்களை வைத்து அன்றைய வெள்ளையரில் 82 சதவீதம் ஆங்கிலேயர் என்றிருந்தது. ஷ்மிட் ஸ்மித் ஆகியிருப்பார், ம்யூலர் மில்லர் ஆகியிருப்பார் என்பதை அது யோசிக்கவில்லை. ஐரிஷ், ஜெர்மன் வம்சத்தவர் கூச்சல் போட்டார்கள். அறிஞர்களை வைத்து மறு ஆய்வு நடந்தபோது ஆங்கிலேயர் பங்கு ஏறத்தாழ 60 சதவீதத்துக்கு இறங்கியது. ஒரே சட்டம், ஒரே சூத்திரம். குடும்பப் பெயரைப் படிக்கும் விதம் மாறியதில் பிரிட்டனின் கோட்டா 73,039-லிருந்து 65,721 ஆனது.

1929 ஜூலையில் அமலான இறுதிப் பட்டியல்: பிரிட்டனும் வட அயர்லாந்தும் 65,721, ஜெர்மனி 25,957, தனி அயர்லாந்து 17,853, போலந்து 6,524, இத்தாலி 5,802, கிரீஸ் 307. இதற்கு முந்தைய 1890 கணக்கில் ஜெர்மனிக்கு 51,227 இருந்தது, சுவீடனுக்கு 9,561 (இப்போது 3,314). ஜெர்மானியருக்கும் சுவீடன்காரருக்கும் இனவெறிச் சட்டமே தங்கள் பக்கம் பாய்ந்ததில் அதிர்ச்சி. 1928 தேர்தலில் இந்தச் சூத்திரத்தை எதிர்த்துப் பேசிய ஹெர்பர்ட் ஹூவர், ஜனாதிபதியானதும் 1929 மார்ச்சில் தன் கையாலேயே அதைப் பிரகடனம் செய்ய வேண்டிவந்தது. சட்டம் அவருக்கு வேறு வழி வைக்கவில்லை.

பட்டியலில் இந்தியாவுக்கும் 100 உண்டு, சீனாவுக்கும் 100 உண்டு. அட, பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் 13-ஆம் பிரிவு, குடியுரிமை பெறத் தகுதியில்லாதவர் குடியேறவே முடியாது என்றது. வெளியிலிருந்து வந்தவர்களில் 1790 முதல் குடியுரிமை வெள்ளையருக்கு, 1870 முதல் ஆப்பிரிக்க வம்சத்தவருக்கும். 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தியர் வெள்ளையர் ஆகமாட்டார் என்று சொல்லிவிட்டது. அதற்கு மூன்று மாதம் முன்பு ஜப்பானியரான ஒசாவாவின் வழக்கில், வெள்ளையர் என்றால் காகேசிய இனத்தவர் என்று எழுதியவர் நீதிபதி சதர்லண்ட். அப்படியானால் இனவியல் நூல்கள் காகேசியர் என்று சொல்லும் நான் வெள்ளையன்தானே என்று திந்த் கேட்டார். அதே சதர்லண்ட், நூல் சொல்வது முக்கியமில்லை, சாதாரண மனிதன் புரிந்துகொள்வதுதான் முக்கியம் என்று எழுதினார். அதற்கு முன் குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறிக்க அரசு வழக்குப் போட்டது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கோட்டா பிறந்த நாட்டைப் பொறுத்தது. தகுதி இனத்தைப் பொறுத்தது. ஊட்டியில் பிறந்த ஆங்கிலேயத் தோட்டத்துரையின் மகன் இந்தியாவின் 100-இல் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு போகலாம். அதே ஊட்டியில் பிறந்த படுகர் போக முடியாது. இந்தியாவுக்கான கோட்டா இந்தியர்களுக்கு இல்லை.

பயன்படாத இடங்களை வேறு நாட்டுக்கு மாற்றவும் விதி கிடையாது. பிரிட்டனின் 65,721-இல் பெரும்பகுதி வருஷா வருஷம் வீணானது. 1939-இல் ஹாம்பர்க்கிலிருந்து 937 பயணிகளோடு, பெரும்பாலும் யூத அகதிகளோடு, புறப்பட்ட செயின்ட் லூயிஸ் கப்பலை கியூபா திருப்பியது; கப்பல் மயாமி கண்ணுக்குத் தெரியும் தூரம்வரை வந்தது. அவர்களில் பலர் அமெரிக்கக் கோட்டாவில் பதிந்து முறைக்குக் காத்திருந்தவர்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா இரண்டுக்கும் சேர்த்து 27,370. அந்த வருஷம் அது நிரம்பிவிட்டது. ஐரோப்பா திரும்பியவர்களில் 254 பேர் பின்னர் கொல்லப்பட்டார்கள்.

போர்க்காலத்தில் சீனா கூட்டாளி ஆனதும் 1943-இல் சீன விலக்கு நீங்கி 105 இடம் வந்தது. உலகில் எங்கு பிறந்த சீன வம்சத்தவரானாலும் அந்த 105-க்குள்தான். 1946 ஜூலையில் லூஸ்-செல்லர் சட்டம் இந்தியர்களுக்கு 100 இடமும் குடியுரிமை உரிமையும் தந்தது. 1952 சட்டம் இனத்தடையைக் குடியுரிமையிலிருந்து முற்றாக நீக்கியது, ஆனால் கோட்டாவை அப்படியே வைத்துக்கொண்டது. ஆசிய வம்சம் பாதியோ அதற்கு மேலோ இருந்தால் பிறந்த இடம் எதுவானாலும் ஆசியக் கோட்டாதான்: ட்ரினிடாடில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்தவரும் இந்தியாவின் 100-இல் போட்டியிட வேண்டும். ட்ரூமன் மறுத்தார், காங்கிரஸ் மீறியது.

1965-க்குப் பிறகும் ஏன் வரிசை?

1924 சட்டத்தை எதிர்த்துப் பேசிய புதுமுக உறுப்பினர் புரூக்ளினின் இமானுவேல் செல்லர். 41 வருஷம் கழித்து அதை ஒழித்த சட்டத்தில் அவர் பெயர் இருக்கிறது. 1965 அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலையின் அடியில் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். கிழக்கு அரைக்கோளத்துக்கு 1,70,000. எந்த நாட்டுக்கும் அதிகபட்சம் 20,000. 1968 ஜூலை முதல் முழுதாக அமல். இடங்களில் 74 சதவீதம் குடும்ப உறவுகளுக்கு, 20 சதவீதம் தொழில் திறமைக்கு, 6 சதவீதம் அகதிகளுக்கு. குடும்பத்துக்கு இவ்வளவு தந்தால் ஏற்கெனவே அங்கிருக்கும் ஐரோப்பியர்களின் உறவினரே வருவார்கள், நாட்டின் நிறம் மாறாது என்பது ஒஹாயோவின் மைக்கேல் ஃபீகன் போன்றோரின் மனக்கணக்கு. ஐரோப்பாவில் அப்போது வாழ்க்கை நன்றாக இருந்தது, யாரும் கிளம்பவில்லை. திறமைக்கான இடத்தில் போன இந்திய டாக்டரும் இன்ஜினியரும் குடியுரிமை வாங்கியபின் அண்ணன் தம்பிகளுக்கு விண்ணப்பித்தார்கள். மனக்கணக்கு தலைகீழானது.

1965 சட்டம் சேர்த்த ஒரு வாசகம்தான் இன்று எல்லோரும் மேற்கோள் காட்டுவது: குடியேற்ற விசா தருவதில் இனம், பால், நாட்டுரிமை, பிறந்த இடம், வசிப்பிடம் காரணமாக யாருக்கும் முன்னுரிமையோ பாகுபாடோ கூடாது. 2017-இல் ஏழு நாட்டவரைத் தடுத்த ஜனாதிபதி டிரம்பின் உத்தரவும் அதைத் தொடர்ந்தவையும் இந்த வாசகத்தை மீறுவதாக வழக்கு நடந்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று அரசின் பக்கம் நின்றது: வாசகம் விசா வழங்குவதைப் பற்றியது; உள்ளே நுழையத் தகுதி உண்டா என்பதை ஜனாதிபதி தீர்மானிக்கலாம், அந்த அதிகாரம் 1952 சட்டத்திலிருந்து வருகிறது. இரண்டு சட்டமும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கின்றன; ஒன்றை ஒன்று ரத்து செய்யவில்லை.

இந்தியர்களுக்கு அன்றாடத் தலைவலி அதே வாசகத்தின் தொடக்கத்தில் உள்ள விதிவிலக்கு. நாட்டு வரம்புக்கு இது பொருந்தாது. 1990 சட்டம் அந்த வரம்பை 7 சதவீதம் ஆக்கியது. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டு வருஷத்துக்கு 1,40,000. உயர்படிப்புப் படித்தவர்களுக்கான ஈபி-2 பிரிவுக்கு அதில் 28.6 சதவீதம், அதாவது 40,040. அதில் 7 சதவீதம் ஏறத்தாழ 2,800. ஐஸ்லாந்துக்கும் இதே உச்சவரம்புதான். இந்த 2,800-இல் மனைவி, கணவன், பிள்ளைகளும் அடக்கம். நான்கு பேர் குடும்பம் என்றால் 700 பணியாளர்கள்தான். மற்ற நாடுகள் பயன்படுத்தாமல் மிஞ்சியவை வரிசையில் மூத்த பிரியாரிட்டி டேட் (வரிசையில் இடம்பிடித்த தேதி) உள்ளவர்களுக்கு வரும் என்பதால் சில வருஷம் இந்தியர்களுக்கு இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். மிச்சம் இல்லாத வருஷம், ஆகஸ்ட் செப்டம்பரில், அமெரிக்க அரசு மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினில் தேதி பின்னால் போகும். 2024 முழுக்க ஈபி-2 இந்தியத் தேதி 2012-ஐத் தாண்டவில்லை. 7 சதவீதத்தை நீக்கும் மசோதா 2019-இல் கீழவையில் 365-65 என்று நிறைவேறியது. 2020 டிசம்பரில் மேலவை வேறு வடிவத்தில் நிறைவேற்றியது. இரண்டையும் இணைக்காமலே காலம் முடிந்து காலாவதி ஆனது. 1990-இன் லாட்டரி விசாவிலும் இந்தியாவில் பிறந்தவர் சேர முடியாது, ஐந்து வருஷத்தில் 50,000-க்கு மேல் ஆள் அனுப்பிய நாடு என்பதால்.

எந்த வரிசை என்பதைப் பாஸ்போர்ட் தீர்மானிப்பதில்லை, பிறந்த ஊர் தீர்மானிக்கிறது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். சென்னையில் பிறந்து கனடாக் குடியுரிமை வாங்கினாலும் இந்திய வரிசைதான். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தும் குவைத்தில் பிறந்தவர் குவைத் வரிசை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் இலங்கை வரிசை, இரண்டிலும் பொதுவாகக் காத்திருப்பு மிகக் குறைவு. ஒரே வீட்டில் அப்பா துபாயில் வேலை பார்த்தபோது பிறந்த அக்காவுக்கும் திருச்சியில் பிறந்த தம்பிக்கும் நடுவே பத்து வருஷ வித்தியாசம் வரலாம்.

கணவன் மனைவியில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால் இருவரும் அந்த நாட்டின் கணக்கில் சேரலாம். ஈபி-2 மனுதாரர் மதுரையில் பிறந்தவர், மனைவி கொழும்பில் பிறந்தவர் என்றால் இலங்கைக் கணக்கைக் கேட்கலாம். இது தானாக நடக்காது. விண்ணப்பத்தோடு வைக்கும் முகப்புக் கடிதத்தில் வெளிப்படையாகக் கேட்டு, மனைவியின் பிறப்புச் சான்றையும் திருமணச் சான்றையும் இணைக்க வேண்டும். கிரீன் கார்டு கிடைப்பதற்குமுன் திருமணம் ஆகியிருக்க வேண்டும், அவரும் கூடவே குடியேறுபவராக இருக்க வேண்டும். பிள்ளை பெற்றோரின் நாட்டைப் பயன்படுத்தலாம். பிள்ளை அமெரிக்காவிலேயே பிறந்தது என்பதைக் காட்டிப் பெற்றோர் வரிசை மாற முடியாது. பெற்றோர் இருவருமே பிறக்காத, நிரந்தரமாகக் குடியிருக்காத ஒரு நாட்டில் தற்செயலாகப் பிறந்தவருக்குப் பெற்றோரின் நாட்டைக் கேட்கவும் வழி உண்டு. இந்தியாவுக்கு வேலையாக வந்த வெளிநாட்டவரின் பிள்ளை சென்னை ஆஸ்பத்திரி ஒன்றில் பிறந்து, அந்த ஒரு காரணத்தால் இந்திய வரிசையில் மாட்டும்போது உதவும் விதி அது.